கழித்தல் குறி எங்கிருந்து வந்தது?



சென்ற ஆண்டு சாரல் காலத்தில் ஒரு மாலை. செங்கோட்டையில் என் வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். உடன் 12-ஆம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நனையாமல் முந்தானையில் பொத்தி வைத்திருந்த துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஆறே மாதத்தில் ஐ.டி. வேலை, உத்தரவாதம்!" என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. கட்டணம் 60,000 ரூபாய். இரண்டு தவணைகளில் கட்டலாமாம்.

"முதல் தவணைக்குச் செயின அடகு வச்சிரலாம்னு இருக்கேன் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே கெட்டிருதேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. மகளுக்குத் தகுதி இல்லை என்று நான் நினைப்பதாக அவர் எண்ணிக்கொண்டார். உண்மை அதற்கு நேர் எதிரானது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஒரு பள்ளியில் நான் பேசப் போயிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நான் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். கணிப்பொறி எனக்கு இரண்டாவது காதல்தான். அந்தக் கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. விளங்கியபோது, மென்பொருள் துறைக்குள் நுழைவதற்கு வேண்டிய முக்கியமான பொருள் இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை 60,000 ரூபாய்க்கு வாங்க முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வி என்ன என்று சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு விளையாட்டுக் கற்றுத் தர வேண்டும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளியில் 1000 மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய பெயர்கள் அகர வரிசையில், 1 முதல் 1000 வரை எண்ணிட்டு, ஒரு பதிவேட்டில் உள்ளன. 'வேலு' என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் 1000 பெயர்களையும் பார்க்க நேரிடலாம். அப்படி யாரும் செய்யமாட்டீர்கள். அகராதியில் சொல் தேடும்போது என்ன செய்கிறீர்கள்? நடுவில் திறக்கிறீர்கள். தேடும் சொல் அதற்குப் பின்னால் வருமானால் முன்பாதியை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். மீதியை மறுபடி நடுவில் பிரிக்கிறீர்கள்.

ஒரு முறை பார்த்தால் 1000 என்பது 500 ஆகிறது. அடுத்து 250, 125, 62, 31, 15, 7, 3, 1. பத்தே பார்வையில் வேலை முடிந்தது! பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 பார்வை போதும். இந்திய மக்கள் 140 கோடிக்கும் மேற்பட்டோரை வரிசையாக எழுதி வைத்தால்கூட, 31 பார்வையில் யாரையும் கண்டுபிடித்துவிடலாம். நம்ப முடியவில்லை அல்லவா? 2-ஐ 2-ஆல் தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள். பத்தாவது இடத்தில் 1024 வரும். முப்பத்தொன்றாவது இடத்தில் 214 கோடியைத் தாண்டிவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

இந்த முறைக்கு இருமத் தேடல் என்று பெயர். இதை இப்போது கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுப்போம். கணிப்பொறிக்கு 'பாதியாகப் பிரி' என்றால் புரியாது. மூன்று எண்களைக் கொடுக்க வேண்டும். தேட வேண்டிய பகுதியின் தொடக்க எண்ணைக் 'கீழ்' என்போம். இறுதி எண்ணை 'மேல்' என்போம். இரண்டுக்கும் இடைப்பட்டதை 'நடு' என்போம். நடு = (கீழ் + மேல்) ÷ 2. பின்னம் வந்தால் விட்டுவிட வேண்டும். நடுவில் இருக்கும் பெயர் நாம் தேடுவதானால் நின்றுவிடு, தேடும் பெயர் அதற்குப் பின்னால் வருமானால் கீழ் எண்ணை மாற்று, முன்னால் வருமானால் மேல் எண்ணை மாற்று, திரும்பவும் செய். அவ்வளவுதான். ஐந்தாறு வரிகளில் முடிந்துபோகும் நிரல்.

இவ்வளவு எளிய நிரலில் யாராவது தவறு செய்வார்களா என்றுதானே கேட்கிறீர்கள்? நான் செய்தேன்.

2003-ஆம் ஆண்டு. எம்.எஸ்சி. முடித்திருந்த நேரம். செங்கோட்டையிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து சென்னைக்குப் போய், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டேன். 'சி' மொழியின் இலக்கணம் முழுவதும் எனக்கு மனப்பாடம். தேர்வாளர் இந்த இருமத் தேடலைத்தான் எழுதச் சொன்னார். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "இரண்டே பெயர் உள்ள பட்டியலில் இதை ஓட்டிக் காட்டுங்கள்" என்றார்.

நீங்களும் ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் 1-ஆவது பெயர் இசக்கி. 2-ஆவது பெயர் வேலு. தேடுவது வேலு. கீழ் 1, மேல் 2. நடு = 3 ÷ 2; பின்னத்தை விட்டால் 1. அங்கே இருப்பது இசக்கி. வேலு அதற்குப் பின்னால் வர வேண்டும். ஆகவே கீழ் எண்ணை மாற்ற வேண்டும். நான் 'கீழ் = நடு' என்று எழுதியிருந்தேன். நடு என்பது 1. ஆகவே கீழ் மறுபடியும் 1. மேல் 2. நடு 1. அங்கே இருப்பது இசக்கி. கீழ் மறுபடியும் 1... என் நிரல் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்! 'கீழ் = நடு + 1' என்று எழுதியிருக்க வேண்டும். நடுவில் உள்ளதைத்தான் பார்த்தாகிவிட்டதே, அதை ஏன் மீண்டும் சேர்க்க வேண்டும்? அந்த ஒன்றைக் கூட்டத் தவறியதால் எனக்கு அந்த வேலை போயிற்று. வருத்தம் நெடுநாள் இருந்தது. இப்போது இல்லை.

பின்னாளில் தெரிந்துகொண்ட ஒரு செய்தி எனக்கு ஆறுதல் தந்தது. இருமத் தேடல் முறை முதன்முதலில் வெளியானது 1946-ஆம் ஆண்டு. எந்த அளவுப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் இயங்கும் வடிவம் அச்சில் வந்தது 1960-ஆம் ஆண்டுதான் என்று கணிப்பொறி அறிஞர் டொனால்டு குனுத் எழுதியிருக்கிறார். இடையில் பதினான்கு ஆண்டுகள்! ஜான் பென்ட்லி என்ற மற்றோர் அமெரிக்க அறிஞர், பெல் ஆய்வுக்கூடத்திலும் ஐ.பி.எம். நிறுவனத்திலும் வேலை பார்த்துவந்த தொழில்முறை நிரலாளர்களுக்கு வகுப்பு எடுத்தபோது இதே கணக்கைக் கொடுத்தார். எழுதி முடிக்கப் போதுமான நேரமும் கொடுத்தார். பத்தில் ஒன்பது பேர் தாங்கள் எழுதியதில் பிழை இருக்கக் கண்டார்கள்.

சரி, இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நம் மாநிலப் பாடநூலில் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் இருமத் தேடல் ஒரு பாடம். அங்கே நடு எண்ணைக் கண்டுபிடிக்கும் வாய்பாடு இப்படி இருக்கிறது:

நடு = கீழ் + (மேல் − கீழ்) ÷ 2

"சார், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதுமே! ஏன் முதலில் கழித்து, பிறகு கூட்டி, இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? இந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வந்தது?" என்பதுதான் அவளுடைய கேள்வி.

இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றே. பிரித்து எழுதிப் பாருங்கள். கீழ் + மேல்/2 − கீழ்/2 என்று வரும். அது (கீழ் + மேல்)/2-க்குச் சமம். இயற்பியல்காரனுக்கு இரண்டாவது வடிவம் இன்னும் பிடிக்கும். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுப்புள்ளியைக் காண வேண்டுமானால், இரண்டு ஊர்களும் சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துக் கூட்டி வகுப்பதைவிட, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதில் பாதியைச் செங்கோட்டையிலிருந்து நடந்துவிடுவது இயல்பல்லவா? அன்று வகுப்பில் நான் இதைத்தான் சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையாட்டினாள், ஆனால் முகத்தில் நிறைவு இல்லை. அவள் சந்தேகம் சரிதான். உண்மையான காரணம் வேறு.

மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரத்தைக் காட்டும் பழைய மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து இலக்கங்கள் உள்ள மீட்டர் 99,999-ஐக் காட்டிய பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? 00,000 என்று திரும்பிவிடும். ஒரு லட்சத்தைக் காட்ட அதில் இடம் இல்லை. கணிப்பொறியிலும் எண்களை வைக்க அளவான இடம்தான் உண்டு. சி++, ஜாவா போன்ற மொழிகளில் ஒரு முழு எண்ணுக்கு வழக்கமாக 32 இரும இலக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. கூட்டலா கழித்தலா என்று காட்ட ஒன்று போனால் மீதி 31. அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த 214 கோடி!

இப்போது ஒரு மாபெரும் பட்டியலில் கீழ் 150 கோடி, மேலும் ஏறக்குறைய 150 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 214 கோடிக்கு உட்பட்டவை. தவறில்லை. ஆனால் கூட்டும்போது 300 கோடி! இடம் போதாது. ஜாவாவில் மீட்டர் சுற்றிக்கொண்டு எதிர் எண்களின் பக்கம் போய்விடும். 300 கோடி என்பது −129,49,67,296 என்று ஆகிவிடும். பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது, நிரல் நொறுங்கிப்போகும். அதற்குப் பதிலாக மேலிலிருந்து கீழைக் கழித்தால் கிடைப்பது சிறிய எண். அதில் பாதியைக் கூட்டினாலும் மேல் எண்ணைத் தாண்டாது. கழித்தல் குறி வந்த வழி இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஜாவா மொழியுடன் உலகம் முழுவதற்கும் வழங்கப்பட்ட இருமத் தேடல் நிரலிலேயே இந்தப் பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. 2006-ஆம் ஆண்டு அதை உலகுக்கு அறிவித்தவர் ஜோஷுவா பிளாக். அந்த நிரலை எழுதியவரும் அவரே! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராக இருந்தபோது, முன்பு சொன்ன ஜான் பென்ட்லிதான் முதல் வகுப்பில் இருமத் தேடலை எழுதச் சொல்லி, மாணவர்களுடைய பிழைகளைப் பிரித்துக் காட்டியவர். ஆசிரியருடைய புத்தகத்தில் இருந்த நிரலிலும் இதே பிழை இருந்தது. யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. அவ்வளவு பெரிய பட்டியலை நினைவகத்தில் வைக்கும் கணிப்பொறிகள் அந்தக் காலத்தில் அரிது. கணிப்பொறிகள் வளர வளர, உறங்கிக் கிடந்த பிழை விழித்துக்கொண்டது.

(பைத்தான் மொழியில் முழு எண்ணுக்கு இந்த எல்லை கிடையாது, தேவைக்கேற்ப இடத்தைப் பெருக்கிக்கொள்ளும். ஆகவே 12-ஆம் வகுப்பில் பைத்தான் எழுதும் நீங்கள் கூட்டி வகுத்தாலும் தவறில்லை. 11-ஆம் வகுப்பில் எழுதிய சி++ மொழியில் எச்சரிக்கையாக இருங்கள்.)

பார்த்தீர்களா? நம் ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்தி, யாரும் நின்று பார்க்காத ஒரு குறியில் நின்றாள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது இதைத்தான். மொழியின் இலக்கணத்தை யாரும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். 'இரண்டே பெயர் இருந்தால்? ஒரு பெயரும் இல்லாவிட்டால்? 150 கோடி பெயர் இருந்தால்?' என்று தானாகவே கேட்டுக்கொள்ளும் பழக்கம் மூன்று மாதத்தில் வராது. பிரசுரம் அச்சிட்டவர்கள் இதை விற்கவில்லை, விற்கவும் இயலாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் எவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

அப்படியானால் வழி எது? நம் வட்டாரத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இயங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1996-ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ஆம் ஆண்டு ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. 2011-ஆம் ஆண்டு தென்காசியில் கிளை திறந்தார்கள். நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் புகார்களையும் கவனிக்கப் பயன்படுத்தும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் தென்காசியில் உருவானது. மென்பொருள் வேலை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொதிகை வண்டியில் ஏற வேண்டும் என்றிருந்த நிலையை இது கொஞ்சம் மாற்றியது.

அந்த நிறுவனத்தார் 2004-05 வாக்கில் சென்னையில் சிறு அளவில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். இப்போது அதன் பெயர் ஜோஹோ கற்றல் பள்ளிகள், தென்காசியிலும் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்வும் நேர்முகமும் வைத்து எடுக்கிறார்கள். இரண்டாண்டுப் பயிற்சி. கட்டணம் இல்லை; மாதந்தோறும் உதவித்தொகை அவர்களே தருகிறார்கள். முதலில் வகுப்பறைப் படிப்பு, பிறகு நிறுவனத்தின் குழுக்களோடு சேர்ந்து உண்மையான வேலை. பொறியியல் பட்டம் கேட்பதில்லை.

இதை ஒரே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடங்கள் குறைவு, விண்ணப்பிப்பவர்கள் அதிகம். அத்துடன் அங்கே பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்காது. நாளை அரசுத் தேர்வு எழுதவோ, மேற்படிப்புக்குப் போகவோ, பட்டம் கேட்கும் வேறு நிறுவனத்துக்கு மாறவோ நினைத்தால் அந்தக் குறை தெரியும். ஆகவே ஒரு பட்டத்துக்கும் வழி தேடிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சென்னை ஐ.ஐ.டி. 2020-ஆம் ஆண்டு தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஜே.இ.இ. தேர்வு வேண்டியதில்லை, நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே நிரல் கற்று, வேலைக்குப் போனவர்களும் என் மாணவர்களில் இருக்கிறார்கள்.

கற்பதற்குப் புதிய கணிப்பொறி வேண்டும் என்று அழ வேண்டாம். அந்தப் பெண்ணிடம் இருப்பது, அரசு அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினி. ஒரு மூலையில் திரை விரிந்திருக்கிறது. பைத்தானுக்கு அது போதும். தமிழில் படிக்க விரும்பினால் 2012-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழின் கட்டுரைகளும் இலவச நூல்களும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: ஆங்கிலம் வாசிக்காமல் இந்தத் துறையில் நெடுந்தூரம் போக இயலாது. பேசுவது மெல்ல வரட்டும். வாசிப்பதை இன்றே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அகராதியும் கையுமாக.

உள்ளே போனவர்கள் எப்படி உயர்கிறார்கள் என்பதையும் என் பழைய மாணவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் புதிதாக எதையும் எழுதக் கொடுக்கமாட்டார்களாம். பிறர் எழுதி, பிறர் திருத்தி, எழுதியவரே மறந்துபோன நிரலில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. பலர் இதைத் தண்டனையாக நினைத்துச் சோர்ந்துவிடுகிறார்கள். சிலர் மட்டும் நாம் ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதுவதுபோல ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்கிறார்கள்: இன்ன பிழை, இன்ன காரணம் என்று நினைத்தேன், இப்படிச் சோதித்தேன், நினைத்தது தவறு, உண்மைக் காரணம் இது. இரண்டு ஆண்டுகளில் அந்த நிரலின் மூலைமுடுக்கெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு அந்தப் பகுதியையே அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். பதவி உயர்வுக்கு இன்னும் எத்தனையோ காரணங்கள் உண்டு, எல்லாம் நியாயமானவை அல்ல. ஆனால் இந்தக் குறிப்பேட்டுக்காரர்கள் பின்தங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தரும் இந்நாளில் இதெல்லாம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருமத் தேடலை எழுதித் தா என்றால் அந்தக் கருவி நொடியில் தந்துவிடும். எளிய நிரல் எழுத மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை கிடைப்பது கடினமாகலாம். அதை இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் தயாராக இல்லை. ஆனால் அது தந்தது சரியா என்று யார் சொல்வது? ஜோஷுவா பிளாக்கும் பென்ட்லியும் கவனிக்காத பிழை, மனிதர் எழுதியதிலிருந்து கற்றுக்கொண்ட கருவியிடமும் வரலாம். இரண்டு பெயர்ப் பட்டியலை எடுத்து ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அப்போதும் வேண்டும்.

அந்த அம்மா செயினை அடகு வைக்கவில்லை. பெண் பயிற்சிப் பள்ளித் தேர்வுக்கும், சென்னை ஐ.ஐ.டி. தகுதித் தேர்வுக்கும் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள். கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னை மேலும் சில கேள்விகளில் மடக்கிவிட்டுப் போகிறாள். சென்ற வாரம் அவள் கேட்டதை உங்களுக்கும் கொடுக்கிறேன். நம் 1000 பெயர்ப் பதிவேட்டில் 'முருகன்' என்ற பெயர் 40 முறை வருகிறது. நம் வட்டாரத்தில் இது நடக்கக்கூடியதுதான்! இருமத் தேடல் அந்த நாற்பதில் ஏதோ ஒரு முருகனைக் காட்டி நின்றுவிடும். நமக்கு வேண்டியது பட்டியலில் முதலில் வரும் முருகன். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போகக்கூடாது. 1000 பேருமே முருகன் என்றாலும் பத்துப் பார்வைக்கு மேல் ஆகக்கூடாது. நம் நிரலில் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும். எதை, எப்படி மாற்றுவீர்கள்? விடை கிடைத்ததும், இரண்டே முருகன் உள்ள பட்டியலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.